கப்பல் காத்திருக்காது!

வைகுண்டம் போனவர் திரும்புவதில்லை என்பார்கள். 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயிலும் ஸ்ரீவைகுண்டம் வந்து சேர்ந்தது. அது திரும்பவும் இல்லை. முன்னே செல்லவும் இல்லை. நின்றது! ஒரு மணி நேரமா, இரண்டு மணி நேரமா? இரண்டு இரவுகள்!

வானம் பிளந்துகொண்டது போலக் கொட்டியது மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஓராண்டில் பெய்யவேண்டிய மழை ஒரு பகல், ஒரு இரவுக்குள் இறங்கிற்று. தாமிரவருணி கரையை மறந்தாள். குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே தண்டவாளத்தின் கீழிருந்த சரளைக்கல்லையும் மண்ணையும் வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது, ஊஞ்சல் கயிறு போல!

அந்த ரயிலிலே சுமார் 800 பயணிகள். எண்ணூறு பேர் என்றால் எண்ணூறு காரியங்கள் அல்லவா? நேர்முகத் தேர்வுக்குப் போகிறவன் இருப்பான். மருத்துவமனையில் கிடக்கும் தாயைப் பார்க்கப் போகிறவள் இருப்பாள். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிறவன் இருப்பான். ரயில் நின்றது, அத்தனை காரியங்களும் நின்றன.

18-ஆம் நாள் காலையில் சென்னை எழும்பூரில் இறங்கவேண்டியவர்கள், 19-ஆம் நாள் மீட்கப்பட்டு, வெள்ளத்தைக் கடந்து வெள்ளூருக்கும், அங்கிருந்து பேருந்தில் வாஞ்சி மணியாச்சிக்கும் அழைத்துச் செல்லப்பட்டு, சிறப்பு ரயிலேறி 20-ஆம் நாள்தான் சென்னையைக் கண்டார்கள். இரண்டு நாள் தாமதம்! இந்த இரண்டு என்ற எண்ணைத் தோழர்கள் மனத்திலே குறித்துக்கொள்ளவேண்டும். அதைப்பற்றிப் பேசவே இன்று நாம் எழுதுகோல் எடுத்தோம்.

ஒரு தோழனைக் கற்பனை செய்து பார்ப்போம். ஸ்ரீவைகுண்டம் வட்டத்துக்காரன். வாழைத் தோட்டத்திலே கூலி பார்த்த தகப்பனுக்குப் பிறந்தவன். பயிற்சி முடித்து, கடன் வாங்கி, கப்பலிலே வேலை பெற்றுவிட்டான். தூத்துக்குடிச் சீமைக்குக் கப்பல் வேலை புதிதா? 1906-லே சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டு, வெள்ளையனின் கப்பலுக்கு எதிரே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரனாரின் மாவட்டமல்லவா இது!

அவன் கையிலே நான்கு சீட்டுகள். ஊரிலிருந்து ரயிலடிக்குப் பேருந்து. ரயிலடியிலிருந்து சென்னைக்கு ரயில். சென்னையிலிருந்து அயல்நாட்டுக்கு விமானம். இறங்கிய ஊரின் துறைமுகத்திலே கப்பல். நான்கும் நான்கு கண்ணிகள். சேர்ந்தால் ஒரு சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தால்? மற்ற மூன்றும் வெறும் காகிதம்!

பேருந்து தவறினால் அடுத்த பேருந்து உண்டு. ரயில் தவறினால் நாளைய ரயில் உண்டு. விமானம் தவறினால், பணம் இருந்தால், வேறு விமானம் உண்டு. கப்பல் தவறினால்? கப்பல் காத்திருக்காது, தோழர்களே!

அது கல்நெஞ்சத்தால் அல்ல. துறைமுகத்தில் கப்பல் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் வாடகை. வெளியே கொண்டுபோக வழிகாட்டி மாலுமிக்கும் இழுவைப் படகுக்கும் நேரம் குறித்தாகிவிட்டது. அது விலகினால்தான் அடுத்த கப்பலுக்கு இடம். சில இடங்களில் நீர் ஏற்றம் பார்த்தே கிளம்பவேண்டும். ஒரு மனிதன் வரவில்லை என்பதற்காக ஒரு கப்பல் நிற்பதென்றால், அந்த மனிதன் கப்பல் முதலாளியின் மருமகனாக இருக்கவேண்டும்! நம் தோழனின் இடத்திலே வேறொருவன் ஏறிவிடுவான். வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

இது வேலைக்குப் போகிறவனின் கதை மட்டுமன்று. சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூன் முதல் சொகுசுக் கப்பல்கள் புறப்படத் தொடங்கின. முன்பு படத்திலே மட்டும் பார்த்த காட்சி. இன்று, மகனும் மகளும் சம்பாதித்துச் சேர்த்த பணத்தில் வயதான பெற்றோரை நான்கு நாள் கடலிலே அழைத்துச் செல்லலாம் என்று நடுத்தரக் குடும்பங்களும் சீட்டு வாங்குகின்றன. வாங்கட்டும்! உழைத்தவன் கடல் பார்க்கக்கூடாதா? ஆனால் அவர்களும் தூத்துக்குடி வாகைக்குளத்திலே காலை விமானம் ஏறி, அன்று மாலையே சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறுவதாகக் கணக்குப் போடுகிறார்கள். தாளிலே கணக்குச் சரி. வானத்திலே?

வானத்தின் கணக்கைப் பார்ப்போம். 2015 டிசம்பர் 1-ஆம் நாள் இரவு வெள்ளத்திலே மூழ்கி மூடப்பட்ட சென்னை விமான நிலையம், 6-ஆம் நாள்தான் மீண்டும் பயணிகள் விமானத்தைக் கண்டது. 2023 டிசம்பர் 4-ஆம் நாள் மிக்ஜாம் புயல். ஓடுபாதையிலே ஆறு ஓடிற்று. மறுநாள் காலையில்தான் நிலையம் திறந்தது. அது நடந்து இரண்டு கிழமை கழியவில்லை, தெற்கே பெருவெள்ளம். தூத்துக்குடி விமானங்கள் ரத்து. 2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல். சென்னை விமான நிலையம் மறுபடியும் மூடப்பட்டது, நள்ளிரவு கழிந்துதான் திறந்தது. இவை யாவும் எந்த மாதங்கள்? நவம்பர், டிசம்பர். வடகிழக்குப் பருவமழையின் மாதங்கள். வங்கக் கடல் குமுறும் மாதங்கள். இது விபத்தா? இல்லை. இது வழக்கம்! வழக்கத்தை விபத்து என்று நினைக்கிறவன்தான் ஏமாறுகிறான்.

கப்பலே நின்ற கதையும் உண்டு. நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபர் 14-ஆம் நாள் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிற்று. வரவேற்பு வளைவின் தோரணம் வாடுமுன்னே, பருவமழையைக் காரணம் காட்டி ஒரே வாரத்தில் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பல் ஓடிற்று. நவம்பரில் அதுவும் நின்று, 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் புறப்பட்டது. கடலோடு வம்பு செய்யக்கூடாது என்று கப்பல்காரனுக்குத் தெரிகிறது. கப்பலேறப் போகிற நமக்குத் தெரியவேண்டாமா?

இங்கே ஒரு கேள்வி. பயணம் புறப்படும்போது நம்மவர் என்ன பார்க்கிறார்கள்?

"என்ன அண்ணாச்சி, வியாழக்கிழமை கிளம்புதேன்னு சொன்னீயளே?"

"வியாழக்கிழமை தெக்க சூலம்லா தம்பி! வெள்ளிக்கிழமை ராகுகாலம் கழிச்சிக் கிளம்பலாம்னு இருக்கேன்."

"வெள்ளிக்கிழமை புயல் வருதுன்னு ரேடியோவுல சொல்லுதானே?"

"அவன் கெடக்கான்! நமக்கு நேரம் நல்லா இருந்தாச் சரி."

சிரிக்கவேண்டாம், தோழர்களே! எத்தனை வீட்டிலே நடக்கிற உரையாடல் இது! சூலம் எந்தத் திசை என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம். காற்று எந்தத் திசை என்று வானிலை அறிக்கையைப் புரட்டுவதில்லை. பூனை குறுக்கே போனால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறோம். புயல் குறுக்கே போனால் போகிற வழியைப் பார்ப்பதில்லை. ராகுகாலம் ஒன்றரை மணி நேரத்தில் கழிந்துவிடும். வெள்ளம் ஒன்றரை மணியில் வடியுமா?

நல்ல நேரம் என்பது வானம் தெளிந்த நேரம். அதைச் சொல்ல வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. புயலால் கரையோரத்தில் வானிலை கெடத் தொடங்குவதற்கு 72 மணிக்கு முன்பே முதல் அறிவிப்பு. 48 மணிக்கு முன் அடுத்தது. 24 மணிக்கு முன் கடுமையான எச்சரிக்கை என்று படிப்படியாகச் சொல்கிறார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் பிரித்து மாவட்டவாரியாக மழை எச்சரிக்கை தருகிறார்கள். துறைமுகத்திலே 1 முதல் 11 வரை எண் குறித்த எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். துறைமுகத் தொழிலாளிக்கு அதன் பொருள் தலைகீழ்ப் பாடம்.

ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம். 2023 டிசம்பர் 17-இல் தெற்கைப் புரட்டிப் போட்டது பெயர் சூட்டிய புயலே அல்ல. குமரிக் கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சி. அறிவித்தது போதுமா, போதாதா என்று மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் பின்னர் வாதம் நடந்தது. அந்த வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். பயணிக்கு அதிலே பாடம் என்ன? புயலுக்குப் பெயர் வைத்த பிறகுதான் பயப்படவேண்டும் என்பதில்லை. அறிவிப்பு வந்தால் நம்பு. வராவிட்டாலும் மாதத்தைப் பார்!

இப்போது நாம் சொல்ல வந்ததன் சாரத்துக்கு வருவோம். ரயில் நின்றது என்றவுடன், விமானம் ரத்து என்றவுடன், நமக்கு யார் மீது கோபம் வருகிறது? நிறுத்தியவன் மீது! நிலைய அதிகாரியின் சாளரத்தைத் தட்டுகிறோம். விமான நிலையத்திலே சட்டையைப் பிடிக்கப் போகிறோம். சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு ரயில் புறப்பட்டது. புயல் அடித்துக்கொண்டிருந்தது. ரயில் நிற்கவில்லை, சென்றது. தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் எழுந்தது. ரயிலும் இல்லை; அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களும் இல்லை. தனுஷ்கோடி என்ற ஊரும் இல்லை!

சென்ற ரயில் கடலிலே; நின்ற ரயில் ஸ்ரீவைகுண்டத்திலே. 2023-இல் அந்த இரவு "போகட்டும் விடு" என்று கொடி காட்டியிருந்தால், அந்தரத்தில் தொங்கிய தண்டவாளத்தின் மேல் அல்லவா அந்த எண்ணூறு பேரும் போயிருப்பார்கள்? நிறுத்தியவர் காலத்தைப் பறித்தார், உயிரைக் கொடுத்தார். ஆகவே ரத்து என்பது பகையன்று. அது பயணத்தின் ஒரு பகுதி. புறப்படும்போதே அதற்கும் ஓர் இடம் ஒதுக்கிவைக்கவேண்டும், கட்டுச்சோற்றுக்கு இடம் ஒதுக்குவது போல.

எப்படி ஒதுக்குவது?

முதலாவது, நாள். ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயில் இரண்டு நாள் தாமதம் என்று குறித்துக்கொள்ளச் சொன்னோமே, அதுதான் அளவுகோல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கப்பலேறவோ, அயல்நாட்டு விமானம் ஏறவோ போகிறவன், ஏறும் ஊரிலே இரண்டு நாள் முன்னதாக இருக்கவேண்டும். மற்ற மாதங்களில் ஒரு நாளாவது. அன்று காலை போய் அன்று மாலை ஏறுகிறேன் என்பது சூதாட்டம்.

இரண்டாவது, வழி. வங்கக் கடலிலே புயல் என்றால் சென்னை ஒன்றே கதி என்று கிடக்கவேண்டாம். திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் தொலைவில்லை. மதுரையும் திருச்சியும் இருக்கின்றன. சீட்டு வாங்கும்போதே, இந்த வழி அடைந்தால் எந்த வழி என்று எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். வெள்ளம் வந்த பிறகு வழி தேடுகிறவன், நெருப்புப் பிடித்த பிறகு கிணறு வெட்டுகிறவன். ஏமாற்றமும் வேண்டாம்: 2015-இல் சென்னை நிலையம் மூடிக்கிடந்த நாள்களை, வழி மாற்றியவன்தான் வெல்ல முடிந்தது, காத்திருந்தவன் அல்ல.

மூன்றாவது, சீட்டு. இங்கே பழைய செய்தி ஒன்று. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவன் ஒரே சீட்டு வாங்கினான். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், தலைமன்னாரிலிருந்து மீண்டும் ரயில். மூன்று ஊர்தி, ஒரு சீட்டு! போட் மெயில் என்று பாட்டன்மார் சொல்வார்களே, அதுதான். ரயிலைக் கப்பலோடு இணைத்து ஓட்டும் பொறுப்பு சீட்டு விற்றவனுடையது. இன்று? நான்கு சீட்டை நான்கு பேரிடம் வாங்குகிறோம். முதல் ஊர்தி நின்றால் இரண்டாவது ஊர்திக்காரன், "அது உன் பாடு" என்கிறான். சட்டப்படி அவன் சொல்வது பெரும்பாலும் சரி. ஆகவே, முடிந்த வரை ஒரே நிறுவனத்திடம், ஒரே சீட்டாக, தொடர் பயணமாக வாங்கவேண்டும். அப்போது முதல் விமானம் தவறினால் அடுத்ததிலே ஏற்றிவிடும் கடமை அவர்களைச் சேரும். ரயிலிலும், ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றிலே ஏறுவதாயின், இரண்டு சீட்டையும் இணைத்துப் பதியும் முறை 2019 முதல் உண்டு. முதல் ரயில் தாமதத்தால் அடுத்தது தவறினால், பயணம் செய்யாத பகுதிக்குப் பிடித்தமில்லாமல் பணம் திரும்பும்.

நான்காவது, உரிமை. விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அல்லது வேறு விமானத்தில் இடம் கேட்கலாம். எது வேண்டும் என்று சொல்லும் உரிமை பயணிக்கு. ஆனால் புயல்தான் காரணம் என்றால், அதற்கு மேல் நட்ட ஈடு கிடையாது. தவறிய கப்பலின் கட்டணத்தையும் அவர்கள் தரமாட்டார்கள். ரயிலை ரத்து செய்தால் கட்டணம் முழுவதும் உனக்கு. இணையத்தில் வாங்கிய சீட்டுக்குத் தானே வந்து சேரும். சாளரத்தில் வாங்கியதற்குச் சீட்டை நேரில் கொடுத்துப் பெறவேண்டும். "ரயில் ரத்து" என்ற சான்றைக் கையோடு வாங்கிவைத்தால், கப்பல் நிறுவனத்திடமும் முகவரிடமும் வழக்காடக் கருவியாகும். உரிமையை அறியாதவன் கையிலே சட்டம், பார்வையற்றவன் கையிலே விளக்கு!

ஐந்தாவது, காப்பீடு. சீட்டு வாங்கிய அன்றே வாங்கவேண்டும். புயல் உருவாகிவிட்டது என்று ஊரறிந்த பிறகு வாங்கினால், தெரிந்தே வந்த ஆபத்து என்று கைவிரிப்பது காப்பீட்டுக்காரர்களின் வழக்கம். வானிலையால் தாமதம், தொடர் பயணம் தவறுதல், இந்த இரண்டு சொற்களும் உள்ளே இருக்கின்றனவா என்று பொடி எழுத்தைப் படித்துப் பார்க்கவேண்டும். எழுத்துப் பொடியாக இருக்கும் இடத்திலேதான் வஞ்சம் பெரிதாக இருக்கும்.

ஆறாவது, ஒரு சொல். எச்சரிக்கை வந்தவுடன், முகவருக்கும் கப்பல் அலுவலகத்துக்கும் நாமே முதலில் தெரிவிக்கவேண்டும். தவறிய பிறகு அழுகிறவனுக்கு இரக்கம் கிடைக்கலாம். தவறுமுன் சொன்னவனுக்கு மாற்று நாள் கிடைக்கக்கூடும்.

"அறிவுரை இருக்கட்டும், இரண்டு நாள் முன்னதாகப் போ என்கிறீரே, இரண்டு நாள் கூலிக்கு யார் பதில் சொல்வது? சென்னையிலே அறை வாடகைக்கு யார் பதில் சொல்வது?" என்று நம் தொழிலாளித் தோழன் கேட்கிறான். நியாயமான கேள்வி! பணக்காரனுக்கு இரண்டு நாள் என்றால் ஓட்டலிலே ஓய்வு. ஏழைக்கு இரண்டு நாள் என்றால் அடுப்பிலே பூனை. புயல் எல்லோருக்கும் பொது என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான். மழை பொதுவாகத்தான் பெய்கிறது, நனைகிறவன் குடையில்லாதவன்!

ஆகவே, முன்னதாகப் போகும் சுமையைத் தனி மனிதன் தோளிலே மட்டும் ஏற்றிவிட்டு நாம் கைகழுவப் போவதில்லை. ஆளெடுக்கும் நிறுவனம், பருவமழை மாதங்களில் இரண்டு நாள் முன்னதாக வரச்சொல்லி, அந்த இரண்டு நாள் தங்கும் செலவை ஏற்கவேண்டும். அரசு அறிவித்த பேரிடரால் வரமுடியாமற் போனவனின் வேலை ஒப்பந்தத்தை ரத்து செய்யக்கூடாது என்று விதி வேண்டும். அயல்நாடு புறப்படும் தொழிலாளிகள் கட்டணமின்றித் தங்கும் இடம், சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் வேண்டும். ரயிலடியிலே, பேருந்து நிலையத்திலே, வழி அடைபட்ட செய்தி தமிழிலே, உடனுக்குடன் ஒலிக்கவேண்டும். நான்கு சீட்டுக்காரர்களும் "உன் பாடு" என்று விலகும் இந்த நிலை மாறி, போட் மெயில் காலத்து ஒரே சீட்டின் பொறுப்பு, இன்றைய சட்டத்திலே ஏறவேண்டும். ஆங்கிலேயன் காலத்திலே முடிந்தது, இன்று முடியாதா?

அதுவரை? நமக்கு நாமே! சென்னையிலே வேலை பார்க்கும் ஊர்த் தோழன் வீட்டுத் திண்ணை இல்லையா? தொழிற்சங்க அலுவலகத்திலே பாய் விரிக்க இடமில்லையா? கிளைக்குக் கிளை, புறப்படுகிறவர் பட்டியல் ஒன்று வைத்துக்கொண்டால், "தம்பி, எச்சரிக்கை வந்துவிட்டது, இன்றே கிளம்பு" என்று சொல்ல ஒருவர் இருந்தால், எத்தனை வேலை பிழைக்கும், எத்தனை கடன் தப்பும்!

இது நடக்குமா என்று ஐயுறுகிறவர் ஸ்ரீவைகுண்டம் ரயிலடிக்குப் போய்ப் பார்க்கவேண்டும். 2023-இல் அந்த இரண்டு இரவிலும் ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்கூடத்திலே தங்கினார்கள். மற்றவர் நிலையத்திலும் ரயிலிலும் இருந்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து உணவு வந்தது, மீட்புப் படை வந்தது, நன்றி! ஆனால் அவையெல்லாம் வருமுன்னே வந்தவர்கள் யார்? அருகிலிருந்த புதுக்குடி மக்கள். சுற்றிலும் வெள்ளம், தங்களுக்கே நாளைக்கு உண்டா இல்லையா என்று தெரியாத நேரம். இருந்த அரிசியை உலையிலே போட்டார்கள். முன்பின் தெரியாத பயணிகளுக்குச் சோறு சமைத்தார்கள். நீ எந்த ஊர், என்ன சாதி என்று அந்த அடுப்பு கேட்கவில்லை.

வெள்ளம் வந்த பிறகு அவ்வளவு செய்கிற மக்கள், வெள்ளம் வருமுன் இவ்வளவு செய்ய முடியாதா?

கப்பல் காத்திருக்காது. கடல் காத்திருக்காது. காற்றும் காத்திருக்காது. காத்திருக்கக் கூடியவன் மனிதன் ஒருவனே. அதிலும், முன்னதாகப் போய்க் காத்திருக்கிறவனுக்குத்தான் கப்பல் கிடைக்கும். அந்த இரண்டு நாளை அவனுக்கு வாங்கித் தருவது நம் எல்லோருடைய கடமை!